கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெயாம்!

எண்ணெய் பாக்கெட்டுல ஒரு இதயப் படம் போட்டு "கொலஸ்ட்ரால் இல்லாதது"ன்னு எழுதியிருப்பான், பாத்திருப்பீங்க. அடப்பாவி, கடலை எண்ணெயில என்னைக்குய்யா கொலஸ்ட்ரால் இருந்துச்சு? அது முட்டை, கறி, பால், நெய்லதான் இருக்கும். "எலும்பில்லாத கத்தரிக்காய்"னு எழுதி ரெண்டு ரூபா கூட்டி வித்தா வாங்குவோமா மக்கா? காமர்ஸ் படிக்கிறவன் சொல்றேன், இது சுத்தமான வியாபாரம்.

தேங்காய் எண்ணெயும் இந்தக் கணக்குல கொலஸ்ட்ரால் இல்லாததுதான். ஆனா அதுல பத்துக்கு ஒம்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அது கூடினா, ரத்தத்துல சுத்துற எல்டிஎல்லை ஈரல் இழுத்துக்கிறது குறையும். ரத்தக்குழாய்ல படியுறது அந்த எல்டிஎல்தான்.

இதைவிடக் கூத்து என்னன்னா, நாம பயப்படுற ஆளே வேற. தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர்ல ஐசிஎம்ஆர் எடுத்து 2014ல வெளிவந்த கணக்கு: மொத்தக் கொலஸ்ட்ரால் கூடினவங்க நூத்துக்கு 14 பேர். ட்ரைகிளிசரைடு கூடினவங்க ஏறக்குறைய 30. எச்டிஎல் குறைஞ்சவங்க 72!

ட்ரைகிளிசரைடு எண்ணெய்ச் சட்டியில இருந்து மட்டும் வர்றதில்ல. தேவைக்கு மேல தின்ன சோறு, மைதா, சீனியை ஈரல் கொழுப்பா மாத்தி ரத்தத்துல விடுது. அல்வாவைக் கையில வச்சுக்கிட்டு "ஐயோ, நெய் வழியுதே"ங்கிற அண்ணாச்சி, அதுக்குள்ள கரைஞ்சிருக்கிற சீனியைப் பத்தி மூச்சு விடமாட்டார். (நெய்யும் யோக்கியம் இல்ல, அது வேற விஷயம்.) தாமிரபரணித் தண்ணியில விளைஞ்ச நெல்லுச்சோறு, வயல்ல இறங்கி வேலை பாத்த தாத்தாவுக்குச் சரி. நாள்பூரா உக்காந்திருக்கிற நமக்கும் அதே அளவா? சர்க்கரை நோய், குடி, தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறுன்னு வேற காரணங்களும் உண்டு.

இதெல்லாம் பொறந்த பிறகு வர்றது. பொறக்கும்போதே வர்றது ஒண்ணு இருக்கு. எல்டிஎல்லைப் பிடிக்கிற ஈரலோட ஏற்பியே அதுல பழுது. இந்த ஏற்பியைக் கண்டுபிடிச்ச பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985ல நோபல் வாங்கினாங்க. உலகத்துல சுமார் 250 பேர்ல ஒருத்தருக்கு இந்தப் பழுது பெத்தவங்கள்ல ஒருத்தர்கிட்ட இருந்து வந்திருக்கு. ஆள் ஒல்லிக்குச்சியா இருப்பான், முப்பது நாப்பது வயசுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவான். அப்பா, அம்மா ரெண்டு பக்கமும் வந்துட்டா சின்னப்புள்ளைக்கே மாரடைப்பு வரலாம். மாமன் மக, அத்தை மகன்னு சொந்தத்துக்குள்ளயே கட்டுற ஊர்ல அதுக்கு வாய்ப்பு கூடும். இதைப் பத்தி எவனும் பேசுறதில்ல, எண்ணெயை மட்டும் மாத்துறான்.

அப்பாவுக்கு 55க்கு முன்னாடி, இல்ல அம்மாவுக்கு 65க்கு முன்னாடி மாரடைப்பு வந்த வீடா? எண்ணெய் பிராண்டை அப்புறம் பாக்கலாம். ஒல்லியா இருக்கிற தம்பியையும் சேத்துக் கூட்டிட்டுப் போய் லிப்பிட் டெஸ்ட் எடுங்க. ரிப்போர்ட்ல முதல் வரியோட நிறுத்தாம, எல்டிஎல், எச்டிஎல், ட்ரைகிளிசரைடு எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க.