நொச்சித் தலையணை தூக்கம் தருமா?



போன ஞாயிறு சிங்கப்பூர் தேக்கா பக்கம் போயிருந்தேன். சிராங்கூன் சாலையோரம் ஒரு நாட்டு மருந்துக் கடையில், ஜொகூர் தோட்டத்து அம்மா ஒருவர் கடைக்காரரிடம், "மகனுக்குத் தூக்கமே வரலைங்க, தலையணைக்குள்ள வைக்க ஏதாச்சும் குடுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். காய்ந்த நொச்சி இலையும் வெட்டிவேரும் கட்டிக் கொடுத்தார் கடைக்காரர்.

நொச்சி நமக்குப் புதிதல்ல. சளி, தலைப்பாரம் என்றால் ஆவி பிடிப்போம்; இலையைத் தலையணையில் அடைத்துப் படுப்போம். லயத்துப் பாட்டிமார் செய்த வைத்தியம்தான். சீனர்கள் சாமந்திப் பூவை வைக்கிறார்கள், வெள்ளைக்காரர்கள் லாவெண்டர் வைக்கிறார்கள். நல்ல வாசனை மனசை இளக்கும், மூக்கடைப்பும் கொஞ்சம் தேவலை போலிருக்கும். அந்த மட்டுக்கும் நான் எதிரி இல்லை. ஆனால் தூக்கமின்மையை இது தீர்க்கும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று கிடையாது.

செய்வதானால் சரியாய்ச் செய்யுங்கள். இலையை நிழலில் மொறுமொறுவென்று காய வையுங்கள். நம்ம ஊர் ஈரக் காற்றில் அரைகுறையாய்க் காய்ந்த இலை பூஞ்சணம் பிடிக்கும். துணிப்பையில் கட்டி, இலவம்பஞ்சுத் தலையணை உறைக்குள் செருகி, வாசம் போனதும் மாற்றிவிடுங்கள். இழுப்பு உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் வேண்டவே வேண்டாம். டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரையை இதை நம்பித் திடீரென நிறுத்தவும் கூடாது.

அந்த அம்மாவிடம், "மகன் எத்தனை மணிக்குப் படுக்கிறார்?" என்று விசாரித்தேன். "பாலம் தாண்டி வேலைக்குப் போறான்யா. வந்து சாப்பிட்டுப் படுக்கப் பதினொண்ணு ஆயிடும். மூணு மணிக்கு எந்திரிக்கணும்" என்றார். நாலு மணி நேரம்! பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். மீதி மூன்று மணியை எந்த இலை கொடுக்கும்? முன்பு பெரட்டுக்கு விடியுமுன் எழுந்த அப்பனாவது பொழுது சாய்ந்ததும் படுத்தான்.

சிங்கப்பூர் வேலைச் சட்டப்படி மிகைநேரம் மாதம் 72 மணிக்கு மேல் போகக்கூடாது. வாரம் ஒரு நாள் ஓய்வும் உண்டு. அந்தத் தம்பி முதலில் தன் சம்பளச் சீட்டில் மிகைநேரத்தைக் கூட்டிப் பார்க்கட்டும்.

நேரம் இருந்தும் வாரக்கணக்கில் தூக்கம் வராதவர்களும், பலமாய்க் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று திணறுகிறவர்களும் கிளினிக்குக்குப் போங்கள். மருந்துக் கடைக்கு அப்புறம் போகலாம்.