கேள்வித்தாளும் அவையின்ர, திருத்துறதும் அவைதான்

தொலைத்தொடர்புக் கம்பனிகள் இப்போது பச்சை நிறத்தில்தான் பேசுகின்றன. எந்த நாட்டுக் கம்பனியின் வருடாந்த அறிக்கையைத் திறந்தாலும் ஒரு மரக்கன்று, ஒரு சூரியப்படல், 'நிகர பூச்சியம்' என்றொரு சொல், பக்கத்தில் ஓர் ஆண்டு. உலக மொபைல் கம்பனிகளின் சங்கமான ஜீ.எஸ்.எம்.ஏ. 2019இலேயே, 2050க்குள் நிகர பூச்சியம் என்று சொல்லிவிட்டது. டயலொக்கின் தாய்க் கம்பனியான மலேசியாவின் ஆசியாட்டாவும் 2050 என்கிறது. வொடபோன் 2040 என்றது. ஆண்டு மாறும், படம் மாறாது.

நல்ல விசயம்தானே, செய்யட்டுமே, உங்களுக்கென்ன பிரச்சினை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பிரச்சினை இதுதான்: இலக்கை வைப்பது அவர்கள். எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்று தீர்மானிப்பது அவர்கள். கடைசியில் புள்ளி போடுவதும் அவர்கள். தானே கேள்வித்தாள் போட்டு, தானே எழுதி, தானே திருத்தி, 'ஏ' எடுத்திட்டன் எண்டு ஃபேஸ்புக்கில போடுற ஆளை நாங்கள் என்ன சொல்லுவம்? பம்மாத்து எண்டுதான் சொல்லுவம்.

எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்ப்போம். ஒரு கம்பனியின் காபன் வெளியேற்றத்தை மூன்றாகப் பிரிப்பது உலக வழக்கம். கம்பனி தானே எரிக்கும் எரிபொருள் ஸ்கோப் 1. கோபுரத்தடியில் நிற்கும் ஜெனரேட்டரின் டீசல் இதில் வரும். வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. மற்றதெல்லாம் ஸ்கோப் 3: கருவிகளைச் செய்து கப்பலில் ஏற்றுவது, விற்கிற போன், ரௌட்டர், அவற்றை நாங்கள் வீட்டில் சார்ஜ் போடுவது, கடைசியில் குப்பையாவது வரை. தொலைத்தொடர்புத் துறையில் பெரிய பங்கு இந்த மூன்றாவதில்தான் கிடக்கிறது. ஆனால் அறிக்கையின் கொட்டை எழுத்தில் வருவது அநேகமாக முதல் இரண்டும்தான். 'எங்கள் செயற்பாடுகளில் நிகர பூச்சியம்' என்ற வசனத்தில் 'செயற்பாடுகளில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டுக்குப் பெரிய பாதியை வேலிக்கு வெளியே விட்டுவிட்டு, முற்றத்தைக் கூட்டியதற்குப் பாராட்டுக் கேட்கிற வேலை அது.

முற்றத்தையாவது ஒழுங்காகக் கூட்டுகிறார்களா? ஸ்கோப் 2ஐக் கணக்கிட இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கம்பனி இருக்கும் இடத்து மின்வலையமைப்பு உண்மையில் எவ்வளவு காபன் விடுகிறதோ அதை வைத்துக் கணக்கிடுவது. மற்றது, கம்பனி வாங்கிய ஒப்பந்தத்தையும் சான்றிதழையும் வைத்துக் கணக்கிடுவது. எங்கோ ஒரு காற்றாலை உற்பத்தி செய்த மின்சாரத்துக்கு ஒரு சான்றிதழ். அதை விலைக்கு வாங்கினால், இங்கே நிலக்கரி மின்சாரத்தை எடுத்துக்கொண்டே தாளில் பூச்சியம் என்று எழுதலாம். 2015இல் வந்த சர்வதேச வழிகாட்டல் இரண்டு கணக்கையும் சேர்த்துக் காட்டச் சொல்கிறது. கொட்டை எழுத்துக்கு எது வரும், அடிக்குறிப்புக்கு எது போகும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இலங்கையில் இந்தக் கணக்குக்கு ஊர் பெயர் உண்டு. எந்தக் கம்பனியாக இருந்தாலும் கோபுரத்துக்கு வரும் மின்சாரத்தில் நுரைச்சோலை இருக்கிறது. 900 மெகாவாட், தலா 300 ஆக மூன்று அலகுகள், நாட்டின் ஒரேயொரு நிலக்கரி மின்நிலையம். சான்றிதழ் வாங்கினால் நுரைச்சோலையின் புகை குறையாது. மற்றப் பக்கம் மன்னார் இருக்கிறது. 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாட் 'தம்பபவனி' அங்கே நிற்கிறது. அதானி நிறுவனம் மன்னார், பூநகரித் திட்டங்களிலிருந்து 2025 பெப்ரவரியில் விலகியது. ஆனாலும் அதே ஆண்டு ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் சனம் வீதிக்கு வந்தது. காற்றாலையே வேண்டாம் என்று சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. 'தூய மின்சாரம்' என்று கொழும்பில் அச்சடிக்கும்போது அது எங்கோ ஒரு கரையோரக் கிராமத்தில், யாரோ ஒருவருடைய காணிக்குப் பக்கத்தில், யாரையோ கேட்டோ கேட்காமலோ உண்டாகிறது. கேட்டார்களா இல்லையா என்பதற்கு அந்த அட்டவணையில் நிரல் கிடையாது.

அடுத்த வித்தை வகுத்தல். மொத்தம் எத்தனை தொன் என்று சொல்லாமல், ஒரு அலகு டேட்டாவுக்கு எத்தனை கிலோ என்று சொல்வது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கம்பனி 100 அலகு டேட்டா கடத்தி 100 தொன் காபன் விடுகிறது என்று வையுங்கள். ஐந்து வருடம் கழித்து 500 அலகு கடத்தி 150 தொன் விடுகிறது. அலகுக்கு 1 தொன்னாக இருந்தது 0.3 ஆகிவிட்டது. '70 வீதம் குறைத்துவிட்டோம்' என்று சொல்லலாம், பொய்யில்லை. ஆனால் வானத்துக்குப் போனது 50 வீதம் கூட. நாங்கள் ரீல்ஸ் பார்க்கப் பார்க்க அவர்களின் வீதம் தானாகவே அழகாகிக்கொண்டு போகும், அவர்கள் ஒரு ஜெனரேட்டரையும் நிறுத்தத் தேவையில்லை. வளிமண்டலத்துக்கு வகுத்தல் தெரியாது. அதற்கு வந்து சேர்வது மொத்தம் மட்டும்தான்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்றும் இருக்கிறது. எங்கள் சேவையால் வாடிக்கையாளர்கள் எவ்வளவு காபனை விடாமல் தவிர்த்தார்கள் என்றொரு கணக்கு. வொடபோன் 2020இல், 2030க்குள் தன் வாடிக்கையாளர்கள் 350 மில்லியன் தொன் தவிர்க்க உதவுவதாகச் சொன்னது. பிரிட்டனின் பீ.ரீ. கம்பனி 60 மில்லியன் தொன் என்றது. நீங்கள் பஸ்ஸில் போகாமல் சூமில் கூட்டம் வைத்தால் அந்தப் புண்ணியம் கம்பனிக்கு. அதே இணையத்தில் நீங்கள் தேவையில்லாத ஒரு சாமானை ஓடர் பண்ணி அது லொறியில் வந்தால் அந்தப் பாவம் உங்களுக்கு. நடக்காத ஒன்றை எண்ணுவதற்கு நடந்திருக்கக்கூடியதை ஊகிக்க வேண்டும். ஊகிப்பவர் யார்? திரும்பவும் அவர்களேதான்.

'வெளியார் சரிபார்க்கிறார்கள்தானே' என்று கேட்கலாம். சரிபார்க்கிறார்கள். ஆனால் அநேகமாக, கம்பனி போட்ட எல்லைக்குள் கூட்டல் கழித்தல் சரியா என்றுதான் பார்க்கிறார்கள். எல்லையே சரியா என்று கேட்பது அவர்களின் வேலையில்லை. இலக்குகளைப் பரிசீலிக்கும் எஸ்.பி.ரி.ஐ. என்ற சர்வதேச அமைப்பு இருக்கிறது. தகவல் தொழில்நுட்பத் துறை 2020 முதல் 2030 வரை தன் வெளியேற்றத்தை 45 வீதம் குறைக்க வேண்டும் என்ற பாதையை, சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தோடும் ஜீ.எஸ்.எம்.ஏ.யோடும் சேர்ந்து 2020இல் வகுத்ததும் அதுதான். அதே அமைப்பு 2024 மார்ச்சில், நிகர பூச்சிய இலக்கைத் தருவதாகச் சொல்லிவிட்டுக் காலக்கெடுவுக்குள் தராத 200க்கும் மேற்பட்ட கம்பனிகளின் பெயருக்கு எதிரே 'உறுதிமொழி நீக்கப்பட்டது' என்று போட்டது. மைக்ரோசொஃப்ட், யூனிலீவர், வோல்மார்ட் எல்லாம் அதில் இருந்தன. உறுதிமொழி கொடுத்த நாளில் வந்த செய்தி எவ்வளவு பெரியது, நீக்கிய நாளில் வந்தது எவ்வளவு சின்னது என்று யோசியுங்கள்.

கண்காணிப்பு என்றால் இந்த இரண்டாவது நாளைப் பிடிப்பதுதான். அதற்கு முதலில் கையில் இருக்க வேண்டியது அடிப்படை ஆண்டு. '40 வீதம் குறைத்தோம்' என்றால், எந்த ஆண்டோடு ஒப்பிட்டு? கம்பனி இன்னொன்றை விழுங்கினாலோ, கோபுரங்களை வேறு கம்பனிக்குக் கைமாற்றினாலோ அந்த ஆண்டின் கணக்கையும் திருத்த வேண்டும் என்பது பொது விதி. திருத்தாவிட்டால், கோபுரத்தை விற்றதையே காபனைக் குறைத்ததாகக் காட்டலாம். வொடபோன் தன் ஐரோப்பியக் கோபுரங்களை 'வான்டேஜ் டவர்ஸ்' என்று பிரித்து 2021இல் பங்குச்சந்தைக்குக் கொண்டுபோனது. எங்கள் நாட்டில் 2024 ஜூனில் டயலொக்கோடு எயார்டெல் லங்கா இணைந்தது. இந்த இரண்டிலும் யாரும் தப்புக் கணக்குப் போட்டார்கள் என்று நாங்கள் சொல்லவரவில்லை. இப்படி ஏதாவது நடந்த வருடத்தின் அறிக்கையை எடுத்தால் முதலில் தேட வேண்டியது, அடிப்படை ஆண்டைத் திருத்தினார்களா என்பதை. அவ்வளவுதான்.

இலங்கை உலகத்தின் காபனில் ஒரு துளிகூட இல்லை, இதெல்லாம் பணக்கார நாடுகளின் கவலை என்று இன்னொரு கதை இருக்கிறது. முதல் பாதி சரி. ஆனால் 2022ஐ மறந்துவிட்டோமா? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. டீசலுக்கு நாடே வரிசையில் நின்றது. கோபுரத்துக்கும் அதே டீசல்தான். கரண்டோடு சிக்னலும் போய் வந்தது. செப்டெம்பரில் தொலைபேசி, இணையக் கட்டணம் 20 வீதம் ஏறியது. டீசலிலும் இறக்குமதி நிலக்கரியிலும் தொங்குகிற வலையமைப்பின் செலவு எங்கள் ரீலோட் காசுக்குத்தான் வந்து விழுகிறது. கோபுரத்தில் சூரியப்படலும் நல்ல பற்றரியும் இருக்கிறதா என்பது துருவக் கரடியின் கேள்வி மட்டுமில்லை. மழை வெள்ளத்தில் கரண்ட் இல்லாத இரண்டாம் நாள், வன்னியில் ஒரு கிராமத்திலிருந்து அம்புலன்ஸைக் கூப்பிட முடியுமா என்பதும் அதே கேள்விதான். எத்தனை கோபுரத்தில் டீசல் நின்றது, எந்த மாவட்டத்தில் நின்றது என்று அறிக்கை சொல்ல வேண்டும். மரம் நட்ட எண்ணிக்கை பிறகு வரட்டும்.

இது விஞ்ஞான பீடத்து ஆக்களின்ர வேலை, ஆர்ட்ஸ் பொடியளுக்கு ஏன் இது எண்டும் கேட்பினம். எங்களுக்கு இது நேரடியாக எங்கள் வேலையாகத்தான் படுகிறது. வசனத்தில் எழுவாய் எங்கே ஒளிந்திருக்கிறது, 'செய்வோம்' எப்போது 'செய்ய முயல்வோம்' ஆகியது, போன வருட அறிக்கையில் இருந்த எந்தப் பந்தி இந்த வருடம் காணாமல் போனது என்று பார்ப்பதற்குத்தானே மூன்று நான்கு வருடமாக வாசிக்கப் பழகுகிறோம்? இரண்டு வருட அறிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேறு பட்டம் தேவையில்லை.

வழியும் இப்போது கொஞ்சம் திறந்திருக்கிறது. சர்வதேசக் காலநிலை அறிக்கையிடல் தரத்தை இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ். எஸ்2 என்று கொண்டுவந்துள்ளது. கொழும்புப் பங்குச் சந்தையின் பெரிய 100 கம்பனிகளுக்கு, 2025 ஜனவரி 1 முதல் தொடங்கும் நிதியாண்டிலிருந்து அது பொருந்தும். இலக்கு என்ன, அடிப்படை ஆண்டு எது, இடைக்கால மைல்கல் எது, எவ்வளவு தூரம் வந்தீர்கள், காபன் சான்று வாங்கி எவ்வளவைச் சரிக்கட்டப் பார்க்கிறீர்கள் என்று அந்தத் தரம் கேட்கிறது. அறிக்கைகள் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன.

இரண்டாவது, சிறிலங்கா ரெலிகொம்மில் ஏறத்தாழப் பாதிப் பங்கு திறைசேரியின் பெயரில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசு 25 வீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பனிகளையும் பகிரங்க அதிகாரசபை என்றுதான் வரையறுக்கிறது. அதனால் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். தனியார் கம்பனியிடம் அப்படிக் கேட்க முடியாதுதான். ஆனால் அதில் ஒரேயொரு பங்கு வாங்கியவரும் வருடாந்தக் கூட்டத்தில் எழும்பிக் கேட்கலாம்.

கேட்க வேண்டியது ஐந்தே கேள்வி. வகுக்காமல், மொத்தம் எத்தனை தொன்? சான்றிதழைக் கழிக்காமல், மின்சாரக் கணக்கு எவ்வளவு? ஸ்கோப் 3இல் எதை விட்டீர்கள், ஏன்? அடிப்படை ஆண்டை மாற்றினீர்களா? போன வருடம் சொன்னதில் எது நடக்கவில்லை? ஐந்தாவதற்கு வெற்றிடம் விட்டு வருகிற அறிக்கையைத்தான் நாங்கள் அதிகம் சந்தேகிக்க வேண்டும்.

ஆறாவதாக ஒரு கோரிக்கை. சிம் விற்க வரும்போது தமிழ் தெரிகிறது. ஓஃபர் எஸ்.எம்.எஸ். தமிழில் வருகிறது. தைப்பொங்கலுக்கு வாழ்த்துப் பலகை தமிழில் நிற்கிறது. காபன் அட்டவணை மட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் 150ஆம் பக்கத்துக்குப் பிறகு கிடக்கிறது. அந்த அட்டவணையை மூன்று மொழியிலும், ஒரு பக்கத்தில் போடட்டும். போடும்வரை அந்த ஒரு பக்கத்தை நாங்களே தயாரிப்போம். இரண்டு கம்பனி, ஐந்து கேள்வி, வருடத்துக்கு ஒரு நிரல். 2030க்கு இன்னும் எத்தனை நிரல் மிச்சம் என்று விரல்விட்டு எண்ணலாம். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்களும் அறிக்கை வாசிக்கப் பொறுமை உள்ளவர்களும் எங்களோடு சேருங்கோ. திருத்துகிற பேனையை இனி நாங்கள் எடுப்பம்.