கூபர் பீடி: நிலத்தின் கீழ் ஒரு நகரம்

பாடசாலை விடுமுறை நெருங்கியதும் நம்மவர் வீடுகளில் எழும் கேள்வி, இம்முறை எங்கே போவது என்பதுதான். கடற்கரையும் பூங்காவும் பார்த்துச் சலித்தவர்கள், தென் அவுஸ்திரேலியாவின் பாலைநிலத்திலுள்ள கூபர் பீடிக்கு ஒருமுறை போய்வரலாம். அடிலெயிடிலிருந்து வடக்கே ஸ்டுவர்ட் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 850 கிலோமீற்றர். ஒரே நாளில் ஓட்டி முடிக்க நினைப்பது வீண் பிடிவாதம். இடையில் ஓர் இரவு தங்கிப் போவதே நல்லது.

1915 பெப்ரவரியில் பொன் தேடி வந்த ஒரு குழுவில் வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுச் சிறுவன் இருந்தான். அவன் தண்ணீர் தேடிப் போன இடத்தில் ஓப்பல் கண்டெடுத்தான். தண்ணீர் தேடியவனுக்கு இரத்தினம் கிடைத்தது. தண்ணீருக்கான தட்டுப்பாடு மட்டும் அந்த ஊரைவிட்டு நீங்கவில்லை. ஆண்டு மழை 150 மில்லிமீற்றர் அளவே. இன்றும் ஊருக்கு வெளியே ஆழ்கிணற்றிலிருந்து உவர்நீரை இறைத்து, உப்பை நீக்கியே குடிக்கிறார்கள். ஊரின் பெயர் அந்நிலத்தின் பூர்வீக மக்களின் மொழியிலிருந்து வந்தது; வெள்ளையனின் குழி என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். பொருத்தமான பெயர்தான்.

கோடையில் வெப்பம் 45 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்கள் உண்டு. முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் இங்கே ஓப்பல் தோண்ட வந்து, குன்றுகளைக் குடைந்து அதற்குள்ளேயே குடியிருந்தார்கள். அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. பாறையின் தடிப்பு வெளியேயுள்ள வெயிலையும் குளிரையும் உள்ளே விடுவதில்லை. ஆண்டு முழுதும் 23, 24 பாகையளவில் இருக்கும். குளிர்சாதன யந்திரம் தேவையில்லை. பிள்ளைக்கு இன்னுமோர் அறை வேண்டுமென்றால் சுவரை உள்ளே குடையவேண்டியதுதான்! பார்வையாளருக்குத் திறந்துவைத்த வீடுகளும் பழைய சுரங்கங்களும் உள்ளன. அவற்றில் ஒன்றையாவது பார்க்காமல் திரும்பக்கூடாது. தங்குவதற்கும் நிலத்தடி அறைகள் கிடைக்கும். முதல் இரவில் அந்த இருளும் நிசப்தமும் சிலருக்கு மூச்சுமுட்டுவதுபோல் தோன்றும். காற்றுக்குழாய்கள் மேலே திறந்தே இருப்பதால் அஞ்ச வேண்டியதில்லை.

தேவாலயங்களும் நிலத்துக்குள்ளேதான். 1993 இல் அமைத்த சேர்பிய வைதிகத் திருச்சபையின் கோயில் மிக அழகானது. உயர்ந்த கூரையில் யந்திரம் கீறிய வளைவரிகள் சிற்பவேலை போலவே தெரியும். குடவரைக் கோயில்களைக் கண்டு வளர்ந்த நம் பெரியவர்கள் அங்கே சற்று நேரம் கூடுதலாகவே நிற்பார்கள்.

ஓப்பல் நம் நவரத்தினங்களுள் ஒன்றல்ல. மணிக்கல்லினும் நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டு, அவற்றினூடே ஒளி சிதறுவதால்தான் அதில் நிறங்கள் விளையாடுகின்றன. 1964 இல்தான் அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் இதை விளக்கினார்கள். வாங்குவோர் ஒன்றைக் கேட்டறிய வேண்டும்: கல் முழுமையானதா, அல்லது மெல்லிய சீவலைக் கறுப்புத் தகட்டில் ஒட்டியதா? ஒட்டுக்கல் விலை குறைவு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. தண்ணீரில் ஊறினால் பசை விட்டுக் கல் மங்கிவிடும். முழுக்குக்கும் அபிஷேகத்துக்கும் மோதிரத்தைக் கழற்றாத நம்மவர்களுக்கு இது ஏற்றதல்ல.

ஊருக்கு வெளியே ஏறத்தாழ 30 கிலோமீற்றரில் பிரேக்அவேஸ் குன்றுகள் உள்ளன. மாலைவெயிலில் அவை மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாக மாறும். அருகே 5,000 கிலோமீற்றருக்கும் அதிகமாக நீளும் நாய்வேலியும் உண்டு. டிங்கோ நாய்கள் ஆட்டுமந்தைகளுக்குள் வராமல் தடுப்பது அதன் வேலை. குன்றுகளுக்குப் போக அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும்.

ஓப்பல் வயல்களில் நடப்பதுதான் ஆபத்து. மூடப்படாத துளைகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன; ஒரு மீற்றர் அகலமும் இருபது முப்பது மீற்றர் ஆழமும் கொண்டவை பல. ஓடாதே, பின்னோக்கி நடக்காதே என்று அறிவிப்புப் பலகைகள் நிற்கின்றன. பின்னோக்கி நடப்பவர் யார் என்று யோசித்தால் விளங்கும்: குடும்பத்தைப் படம்பிடிக்க, இன்னும் ஓரடி, இன்னும் ஓரடி என்று தள்ளிப்போகும் அப்பாதான். கழிவுமண் குவியல்களில் ஓப்பல் துண்டு தேடுவதற்கென்று பொது இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளை அங்கே மட்டும் விடுங்கள், கையைப் பிடித்துக்கொண்டு.

மே முதல் ஓகஸ்ட் வரை போவது உத்தமம். இரவில் குளிரும், கம்பளி வேண்டும். வழியில் 250 கிலோமீற்றருக்கு மேல் பெற்றோல் கிடைக்காத பகுதி உண்டு. அந்திக்குப்பின் கங்காரு குறுக்கே பாயும், வண்டி ஓட்டாதீர்கள். ஆளொன்றுக்கு நாளுக்கு நாலைந்து லீற்றர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். நீரிழிவுள்ளவர்கள் இன்சுலினை நிறுத்திய காரில் விடக்கூடாது. வெப்பத்தில் அதன் வலு குன்றிவிடும். இருதய நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ நீர்போக்கும் குளிசை எடுப்பவர்கள் புறப்படுமுன் தம் வைத்தியரிடம் ஒருமுறை பேசவேண்டும். ஊரில் சிறிய மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்குப் பறக்கும் வைத்தியர் சேவையின் விமானம் வந்து அடிலெயிடுக்குக் கொண்டுபோகும்.