சொப்புக்கு வயதுண்டா?

ஆறாம் வகுப்பில் காலடி எடுத்து வைத்ததும் நம்மில் பலர் செய்யும் முதற்காரியம், சொப்புப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றுவதுதான். ஏற்றியபின் அதைப்பற்றிப் பேசுவதும் இல்லை. "இன்னுமா சொப்பு வைத்து விளையாடுகிறாய்?" என்று யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம்! இவ்வாறு ஒவ்வொருத்தியும் தனித்தனியே மறைத்து வைத்திருக்கும் ஆசை, சுற்றியிருப்போர் எல்லோருக்கும் பொதுவானது என்று ஒருநாள் தெரியவந்தால் எப்படியிருக்கும்? மேனிலை வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு அந்த வியப்பு இவ்வாண்டு கிட்டியது. கூடவே ஒரு வருத்தமும் கிட்டியது. இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

கைவினைக் கண்காட்சிக்காகப் பழைய அலமாரி ஒன்றைத் துப்புரவு செய்தபோது ஒரு பனையோலைப் பெட்டி அகப்பட்டது. திறந்தால், அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு! அடுப்பு, பானை, குடம், உரல், உலக்கை, அம்மி, ஆட்டுக்கல், திருகை என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டிய அத்தனையும் உள்ளங்கையளவில் இருந்தன. திருகையை எங்களில் ஒருத்தியும் வீட்டில் கண்டதில்லை, சொப்பில்தான் கண்டிருக்கிறோம். மிக்ஸியும் கிரைண்டரும் வந்து அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கொல்லைப்புறத்துக்குத் துரத்திவிட்ட பிறகு, அவை மரியாதையுடன் குடியிருக்கும் இடம் சொப்புப் பெட்டி ஒன்றே எனலாம்.

பெட்டியைச் சுற்றிக் கூட்டம் சேரக் கால்மணி நேரமும் ஆகவில்லை. முதலில் வந்தவர் எங்களுக்குக் கணக்கு கற்பிக்கும் அருட்சகோதரி. கண்டிப்புக்குப் பேர்போனவர். "வேலையைப் பாருங்கள்" என்று சொல்லப்போகிறார் என நாங்கள் ஒதுங்கி நின்றோம். அவரோ குனிந்து, ஒரு குட்டிப் பானையை எடுத்து, அதன் மூடியைத் தேடிப் பொருத்தினார். அவர் மராட்டிய நாட்டில் பிறந்தவர். அங்கே இந்த விளையாட்டுக்குப் 'பாதுகலி' என்று பெயராம். 'பாத்' என்றால் சோறு. அவருடையது பித்தளைச் சொப்பு. தம்முடைய அக்காளோடு பங்கு போட்டுச் சண்டையிட்டதை அவர் சொன்னபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்து வந்த கேரளத்துச் சகோதரி, "நாங்கள் 'கஞ்ஞியும் கறியும்' வைத்துக் களிக்கும். சொப்பு ஒன்றும் இல்லை, சிரட்டைதான்" என்றார். அவருக்குத் தமிழ் இன்னும் பிடிபடவில்லை. ஆனால் கொட்டாங்கச்சியில் மண்சோறு வடிப்பதைக் கையாலேயே செய்து காட்டிவிட்டார்!

தமிழாசிரியை அம்மா சும்மா இருப்பாரா? சங்க காலத்துச் சிறுமியர் மணலில் வீடு கட்டியதற்குச் 'சிற்றில்' என்றும், அதில் பொய்யாகச் சமைத்த சோற்றுக்குச் 'சிறுசோறு' என்றும் பெயர் என நினைவூட்டினார். நூலகத்தில் தேடிப் பார்த்தோம். ஜப்பானியச் சிறுமியர் இதே ஆட்டத்தை 'மாமாகோதோ' என்கிறார்கள். அதிலும் மழலை மொழியில் சோற்றைக் குறிக்கும் சொல்லே முன்னிற்கிறது. மராட்டியம், மலையாளம், தமிழ், ஜப்பானியம் என்று நான்கு மொழியிலும் இந்த ஆட்டம் பாத்திரத்தின் பெயரால் வழங்கவில்லை. உணவின் பெயரால் வழங்குகிறது. இதை நாங்கள் முக்கியமாகக் கருதுகிறோம். ஏனென்று பின்னால் சொல்வோம்.

நாங்கள் சற்றும் எதிர்பாராத இரசிகர் ஒருவரும் வந்து சேர்ந்தார். தோழி ஒருத்தியை அழைத்துப்போக வந்திருந்த அவளுடைய தந்தை! வாசலில் நின்றபடியே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "நாலு அக்கா தங்கச்சிக்கு நடுவுல பிறந்தவன்மா நான். சமைக்கிறது அவங்க, பலசரக்குக் கடை என்னுது. பூவரச இலைதான் பணம்" என்றார். இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லையாம். பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண் குழந்தையிடம் சிறுமியர் "எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே" என்று வேண்டும் பருவம் ஒன்று உண்டு. "சிதைக்காமல் சரக்குக் கொடுத்த பிள்ளையை இன்றுதான் பார்க்கிறேன்" என்று தமிழாசிரியை அம்மா சொல்ல, அவரும் சிரித்துவிட்டார்.

இந்தக் கோலாகலத்துக்கு நடுவே ஓர் எதிர்ப்பும் எழுந்தது. வந்திருந்த தாய்மாருள் ஒருவர், "பெண் பிள்ளையை ஐந்து வயதிலேயே அடுப்படிக்குப் பழக்குவதற்குத்தானே இந்தச் சொப்பு? மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆகப்போகிறவர்களுக்கு இது எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பொம்மைக் கடைகளில் பையன்களுக்கு மோட்டாரும் பெண்களுக்கு அடுப்பும் என்று பிரித்து வைத்திருப்பதை நாங்களும் வெறுக்கிறோம். ஆயினும் அதற்குரிய மறுமொழியை நாங்கள் யோசித்துச் சொல்லவில்லை. எங்கள் பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் ஆயாம்மாவிடமிருந்து அது வந்தது.

அவர் துடைப்பத்தோடு ஒரு பக்கமாக நின்றிருந்தார். "ஆயாம்மா, நீங்கள் என்ன சொப்பு வைத்திருந்தீர்கள்?" என்று ஒருத்தி கேட்டாள். "எனக்கு ஏது பாப்பா சொப்பு? ஒன்பது வயசுல ஒரு வீட்டுக்குப் பாத்திரம் விளக்கப் போயிட்டேன். அந்த வீட்டுப் பாப்பாவோட எவர்சில்வர் சொப்பையும் நான்தான் விளக்கி அடுக்குவேன். விளக்குறப்போ ரெண்டு நிமிஷம் கூடுதலா கையில வச்சிருப்பேன், அவ்வளவுதான்" என்றார். சொல்லிவிட்டுப் பெருக்கப் போய்விட்டார். அதுவரை கலகலவென்றிருந்த கூட்டத்தில் சற்று நேரம் யாருக்கும் பேச்சு வரவில்லை.

அதே கிணற்றடியில் அதே சிறு பாத்திரங்கள். ஒரு சிறுமிக்கு அவை விளையாட்டு, மற்றொருத்திக்கு வேலை. விளையாடுகிறவள் சோறு கொதிக்கும்போதே அடுப்பை உதைத்துவிட்டு எழுந்து ஓடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். மற்றவள் அப்படி ஓட முடியுமா? ஆகவே பெண்ணை அடுப்படியில் கட்டிப்போடுவது சொப்பு அன்று என்பது எங்கள் துணிபு. விளையாட வேண்டிய வயதில் விளையாட்டைப் பறிப்பதே அவளைக் கட்டிப்போடுகிறது. விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. பதினான்கு வயது நிரம்பாதவர்களை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வது நம் நாட்டில் 2006 அக்டோபர் 10 முதல் சட்டப்படி குற்றம். ஆயாம்மாவின் ஒன்பதாவது வயது அதற்கு வெகு காலத்துக்கு முன்பே கடந்துவிட்டது.

சோற்றின் பெயரை இனிச் சொல்லலாம். எவர்சில்வரோ மரமோ மண்ணோ, பாத்திரம் எதுவானால் என்ன? கேரளத்துச் சகோதரி சிரட்டையை வைத்துக்கொண்டே இதே ஆட்டத்தை ஆடியிருக்கிறார். எத்தனை பேருக்குப் பரிமாறினோம் என்பதுதான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. விலையுயர்ந்த சொப்பு வைத்திருந்தவர் அதன் விலையைப் பற்றிப் பேசவே இல்லை என்பதையும் கவனித்தோம். ஆனால் ஓய்ந்த நேரமும் உடன் விளையாட இரண்டு பேரும் இல்லாதவளுக்குச் சிரட்டையும் பயன்படாது. அவற்றைக் கொடுக்க வேண்டியவர்கள் பெரியவர்கள் அல்லரோ?

அந்தப் பெட்டியை என்ன செய்வது என்ற பேச்சு இப்போது பள்ளியில் நடக்கிறது. பழம்பொருள் என்பதால் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டலாம் என்பது ஒரு யோசனை. வைப்பவர்களின் நல்லெண்ணத்தை நாங்கள் ஐயுறவில்லை. எனினும் கண்ணாடிக்குள் இருக்கும் சொப்பைப் பார்க்க மட்டுமே முடியும். பார்த்துக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று அறிந்தவர் ஒருவர் நம் பள்ளியிலேயே இருக்கிறார். அதைப் பாலர் வகுப்புக்குக் கொடுத்துவிடுமாறு தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களை வேண்டுகிறோம். உடையுமே என்பார்கள், உடையட்டும். மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றும் தொழிலாளர் அம்பாசமுத்திரத்தில் இன்றும் இருக்கிறார்கள். பழைய சொப்பைப் பற்றி உருகிப் பேசுகிறவர்கள் புதிய பெட்டி ஒன்றை விலைகொடுத்து வாங்கினால் அவர்களுக்கும் பிழைப்பு நடக்கும். எங்கள் வகுப்பில் அதற்குப் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டோம். கணக்குச் சகோதரி முதல் ஆளாகக் கொடுத்தார்.

ஆயாம்மாவின் பேத்தி வரும் ஜூனில் பாலர் வகுப்பில் சேருகிறாள். அதற்குள் அலமாரிச் சாவி அந்த வகுப்பு ஆசிரியையின் கைக்கு வந்துவிட வேண்டும்.