வீரனா, துரோகியா? பட்டம் சூட்டும் முன் சில கேள்விகள்



‘எனக்குப் பிடித்த வரலாற்று நாயகர்’ என்று ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுரைத் தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். முப்பது தாள்களும் ஒரே அச்சில் வார்த்தவை போல் வந்து சேரும். அவர் மாபெரும் வீரர், அஞ்சா நெஞ்சர், தியாகச் செம்மல், நாமும் அவர் வழி நடக்க வேண்டும். அடைமொழிகளைக் கழித்துவிட்டால், அந்த மனிதர் என்னதான் செய்தார் என்பதற்கு இரண்டு வரிகூடத் தேறாது. குறை மாணவர்களிடம் இல்லை. மேடையில் நாம் முழங்குவதைத்தான் அவர்கள் தாளில் எழுதுகிறார்கள்.

ஒருவரை நாயகன் என்றோ வில்லன் என்றோ அழைக்கும்போது நாம் உண்மையில் என்ன செய்கிறோம்? அவரைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால், அவரைப் பற்றி மேற்கொண்டு எழக்கூடிய கேள்விகளையெல்லாம் மூடி முத்திரை வைக்கிறோம் என்பதே என் வாதம்.

சொல்லின் கதை

‘வில்லன்’ என்றால் நல்ல தமிழில் வில்லேந்தியவன். இன்று நாம் திரைப்படத்திலிருந்து கற்றுக்கொண்ட ‘வில்லன்’ ஆங்கிலத்திலிருந்து வந்தவன். அந்த ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிப் போனால் இலத்தீன் மொழியில் ‘வில்லா’ என்னும் பண்ணை வீடு வரும். பண்ணையில் பாடுபட்ட குடியானவனைக் குறித்த சொல், நிலமுடையோர் வாயில் புழங்கிப் புழங்கி ‘இழிந்தவன்’ ஆயிற்று. பின்னர் ‘கொடியவன்’ ஆயிற்று. அந்தக் குடியானவன் செய்த குற்றம் என்ன? ஏதுமில்லை. பெயர் வைக்கும் அதிகாரம் அவனிடம் இல்லை, அவ்வளவே.

இது நமக்குப் புதிய செய்தியா? ‘கூலி’ என்பது உழைப்புக்குப் பெறும் ஊதியத்தைக் குறிக்கும் தூய தமிழ்ச்சொல். அதே சொல் தோட்டத் துரைமார்கள் வாயில் நம் பாட்டன் பாட்டியரை இழித்துரைக்கும் வசையாகவில்லையா? பட்டம் சூட்டுகிறவன் யார் என்று கேட்கும் உரிமை வேறு எவரையும்விட நமக்கு அதிகம் உண்டு.

ஈப்போ மணிக்கூண்டு

ஈப்போ நகரில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. பேராக் மாநிலத்தின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டான ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச் நினைவாக 1909-ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்தவர் அவருடைய மகனேதான்! பர்ச் 1875 நவம்பர் 2-ஆம் நாள் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதற்காக மகாராஜாலேலாவும் டத்தோ சாகோரும் 1877 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டனர். இன்று அந்த மணிக்கூண்டு நிற்கும் சாலைக்குப் பெயர் ஜாலான் டத்தோ சாகோர். கோலாலம்பூரில் பர்ச் பெயரைத் தாங்கியிருந்த சாலையும் ஜாலான் மகாராஜாலேலா ஆகிவிட்டது.

நாயகன் வில்லன் ஆனான். வில்லன் நாயகன் ஆனான். 1875-இல் நடந்தவற்றில் ஓர் எழுத்தேனும் மாறியதா? இல்லை. ஆட்சி மாறியது, சாலைப் பலகை மாறியது.

நடந்தவற்றைப் பாருங்கள். பர்ச், நாட்டு வழக்கங்களை மதியாமல், நிலத்தலைவர்களின் வரி வாங்கும் உரிமையைப் பறித்தார். அதே பர்ச், கடனுக்காக மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்த வழக்கத்தையும் எதிர்த்தார். தலைவர்கள் அந்நிய ஆட்சியை எதிர்த்துத் துணிந்து நின்றனர். அவர்களுள் கடன் அடிமைகளை வைத்திருந்தவர்களும் உண்டு. பர்ச்சை நாயகன் என்று சொன்னால் அவருடைய ஆணவம் மறைகிறது. மகாராஜாலேலாவை நாயகன் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் அந்தக் கடன் அடிமைகள் மறைகிறார்கள். எந்தப் பக்கம் பட்டம் கட்டினாலும், காணாமற் போகிறவர்கள் எளியவர்களே!

நம் வீட்டுக் கதை

பிறர் வீட்டுக் கதையைப் பேசுவது எளிது. நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

மலாயாத் தமிழரின் நெஞ்சில் நேதாஜி சுபாஷ் சந்திர போசுக்கு இருக்கும் இடம் வேறு எந்தத் தலைவருக்கும் எளிதில் வாய்க்காதது. அவர் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தார். தோட்டத்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தனர். டாக்டர் லட்சுமி தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில், லயத்து வீடுகளில் பிறந்து பால்மரம் சீவிய பெண்கள் துப்பாக்கி ஏந்தினர்.

அதே காலத்தில் மற்றொன்றும் நடந்தது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் போட்ட ரயில் பாதைக்காக, மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பசியிலும் அடியிலும் அவர்கள் கொத்துக் கொத்தாக மடிந்தனர். நாம் சயாம் மரண ரயில் என்று சொல்வது அதைத்தான்.

இரண்டு நாள்களை அருகருகே வைத்துப் பாருங்கள். இரு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் இணைக்கப்பட்டது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தது 1943 அக்டோபர் 21. இடையில் நான்கே நாள்! அந்த அரசுக்குத் துணை நின்ற ஜப்பான்தான் அந்த ரயிலையும் போட்டது. ஒரே தோட்டத்திலிருந்து ஒருவன் படைக்குப் போனான். மற்றொருவன் சயாமுக்குப் போனான். சயாமுக்குப் பிடித்துச் செல்லப்படாமல் தப்பவே படையில் சேர்ந்தவர்களும் உண்டு.

தற்காலிக அரசு ஜப்பானியரிடம் அந்தத் தொழிலாளர்களைப் பற்றிப் பேசியதா? பேசியிருந்தால் எப்போது, என்ன பேசியது? இவை நம் பாட்டன்களின் உயிரைப் பற்றிய கேள்விகள். நம் நினைவுக் கூட்டங்களில் இவற்றைக் கேட்பவர் எத்தனை பேர்? கேட்டால், ‘நேதாஜியையா குறை சொல்கிறாய்?’ என்று பாய்வார்கள். ‘நாயகன்’ என்ற சொல் அங்கே செய்யும் வேலை இதுதான். அது நேதாஜியை உயர்த்தவில்லை. இறந்தவர்களின் பிள்ளைகளை வாயடைக்கிறது.

போர் முடிந்ததும் பிரிட்டிஷார் தங்கள் பங்குக்கு ஒரு பட்டம் கட்டினார்கள். 1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் விசாரணை நடந்தது. அரசுக்கு அந்த ராணுவத்தினர் துரோகிகள். மக்களுக்கு அவர்கள் மாவீரர்கள். அந்த இரைச்சலில் காட்டில் மாண்ட தொழிலாளிக்கு எந்தப் பட்டமும் கிடைக்கவில்லை. காஞ்சனபுரிக்குச் சென்றவர்கள் பார்த்திருப்பீர்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக. அங்கு மாண்ட நம்மவர்களுக்குப் பெயர் பொறித்த தனிக்கல்லறை இல்லை. அவர்கள் கதையைக் காத்து வைத்ததற்காக ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி போன்ற நம் எழுத்தாளர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

“நாயகர்களே வேண்டாமா?”

‘இருப்பதே சில தலைவர்கள். அவர்களையும் பிடுங்கிக்கொண்டால் நம் பிள்ளைகள் யாரைப் பார்த்து வளர்வார்கள்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

பட்டத்தை எடுத்துவிட்டால் செயல் அழிந்துவிடுமா? லயத்தில் பிறந்த ஒரு பெண் கைத்துப்பாக்கிப் பயிற்சி பெற்று அணிவகுத்து நின்றாள் என்பதை ‘வீராங்கனை’ என்ற ஒற்றைச் சொல் எவ்வாறு சொல்லிவிட முடியும்? துரைக்கு முன் குனிந்தே பழகிய முதுகுகள் நிமிர்ந்தன என்பதும், போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது என்பதும் செயல்கள். அவற்றைச் சொல்லுங்கள், பிள்ளைகள் வளர்வார்கள்.

‘அப்படியானால் நல்லவன் கெட்டவன் என்பதே இல்லையா?’ என்று இன்னொரு கேள்வி வரும். உண்டு. செயலை வைத்து அளப்பது பட்டத்தை வைத்து அளப்பதைவிடக் கடுமையானது. ஜப்பானிய ராணுவம் அந்தத் தொழிலாளர்களுக்குச் செய்தது கொடுமை. இதில் இரு பக்கம் இல்லை. ஆனால் ‘ஜப்பான்காரன் அரக்கன்’ என்று சொல்லி முடித்தால், அரக்கனிடம் கணக்குக் கேட்க முடியாது. ஆணையிட்டவன் யார், ஆள் பிடித்துக் கொடுத்தவன் யார், பார்த்துக்கொண்டிருந்தவன் யார் என்று மனிதர்களிடம் மட்டுமே கேட்க முடியும். குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே ஆராய்ந்து, மிகுந்தது எது என்று காணச் சொன்னவர் நம் வள்ளுவர். ஆராயாமலே தீர்ப்புச் சொல்லும்படி அவர் சொல்லவில்லை.

நடுகல் கற்பிக்கும் பாடம்

நம் முன்னோர் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தனர். ஆநிரை கவர்வது வெட்சி. அதனை மீட்பது கரந்தை. புறப்பொருள் வெண்பாமாலை இரண்டையும் தனித்தனித் திணைகளாக வைத்தது. ஒன்றை நாயகத்திணை என்றும் மற்றதை வில்லத்திணை என்றும் பெயரிடவில்லை. செயலுக்குப் பூவைச் சூட்டியது.

மாண்டவனுக்கு நட்ட நடுகற்களைப் பாருங்கள். செங்கம் பகுதியில் எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. எருமைகளை மீட்டு இறந்தவனோடு, கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் அது பெயர் சொல்லிப் பதிகிறது. நாய்க்கும் பெயர் உண்டு, செயல் உண்டு. சயாம் காட்டில் விழுந்த நம் பாட்டனுக்கு அதுகூட இல்லை.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, வரலாற்று மனிதர் எவரைப் பற்றி எழுதச் சொன்னாலும் முதலில் நான்கு கேள்விகளுக்கு விடை காணச் சொல்வோம்.

1. அவர் செய்தது என்ன?
2. அதனால் வாழ்ந்தவர் யார்? வீழ்ந்தவர் யார்?
3. அவருக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டியவர் யார்? எப்போது?
4. அந்தக் கதையில் பெயரில்லாமல் நிற்பவர் யார்?

நான்காவது கேள்விக்கு விடை தேடும் மாணவன், தன் வீட்டில் எஞ்சியிருக்கும் முதியவரிடம் போய் உட்காருவான். சயாமுக்குப் போனவர்கள் பெயரைக் கேட்பான், எழுதி வைப்பான். அந்தப் பெயர்ப்பட்டியல் நமக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. பெயர் தெரிந்த முதியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். அடைமொழி எழுதிக் கொண்டிருக்க நமக்கு நேரமில்லை.