அது எங்கள் பாலிசி

தமிழில் சட்டதிட்டத்துக்கும் விதி என்றுதான் பெயர், தலையெழுத்துக்கும் விதி என்றுதான் பெயர். பிரெஞ்சில் அப்படி இல்லை. ‘ரெக்லமான்’ என்றால் சட்டதிட்டம், ‘தெஸ்தேன்’ என்றால் தலையெழுத்து. பள்ளியில் படித்தபோது தமிழ் இதில் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டிவிட்டதோ என்று நினைத்ததுண்டு. பிறகு 34 ஆண்டுகள் புதுச்சேரி அரசு அலுவலகங்களில் குமாஸ்தாவாக இருந்தேன். கவுண்டருக்கு வெளியே நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்று அப்போது தெரிந்தது. காரணம் சொல்லாமல் நீட்டப்படும் எந்த விதியும் தலைவிதி போலத்தான் தெரியும்.

இந்த எண்ணம் மறுபடி வந்தது அமெரிக்காவில், அதுவும் ஒரு துப்பாக்கி சுடுதளத்தில். எழுபதைத் தாண்டியவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். மகள் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குத் துப்பாக்கி சுடுவதில் ஆர்வம். நம் ஊரில் சிலர் சனிக்கிழமை கிரிக்கெட் ஆடப் போவது போல அவர் அங்கே போவார். “சும்மா வந்து பாருங்க மாமா” என்று மூன்று முறை அழைத்துப் போனார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். நான் இலக்குத் தாளைவிடக் கவுண்டரைத்தான் அதிகம் பார்த்தேன். பழைய தொழில் புத்தி.

நமக்குத் தெரிந்த சுடுதளம் கடற்கரையில் பலூன் கட்டி வைத்திருக்கும் பலகைதான். நிஜத் துப்பாக்கி என்றால் நம் நாட்டில் ரைபிள் கிளப்பில் உறுப்பினராக வேண்டும், காகிதங்கள் பல வேண்டும். அமெரிக்காவில் அது ஒரு வியாபாரம். பௌலிங் ஆடுகிற இடம் போல ஒரு கட்டடம், உள்ளே வரிசையாகத் தடங்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. துப்பாக்கியும் வாடகைக்குக் கிடைக்கும், தோட்டா தனி விலை. நுழைந்தவுடன், விபத்து நேர்ந்தால் வழக்குப் போட மாட்டேன் என்று கையெழுத்து. சுவர் முழுக்க விதிகள்.

அந்த விதிகளைப் பற்றி வாடிக்கையாளர்கள் முணுமுணுக்காத நாள் இல்லை. கேட்கக் கேட்க எனக்கு நம் தாலுகா அலுவலக வராந்தா ஞாபகம் வந்தது. முணுமுணுப்புகளை மூன்று கட்டுகளாகக் கட்டி வைக்கலாம் என்று தோன்றியது.

முதல் கட்டு, உடம்பைக் காப்பாற்றும் விதிகள். செருப்போடு வந்தால் உள்ளே விட மாட்டார்கள், கழுத்து இறங்கிய சட்டையும் கூடாது. என்னையே முதல் நாள் திருப்பி அனுப்பினார்கள். மாப்பிள்ளையின் ஷூவை மாட்டிக்கொண்டு போனேன். அதிகப்படியாகத் தெரிந்தது. பிறகுதான் புரிந்தது, சுட்டவுடன் துப்பாக்கியிலிருந்து வெளியே தெறிக்கும் பித்தளைக் கூடு அடுப்பிலிருந்து எடுத்த கரண்டி போலக் கொதிக்கும். அது விரலிடுக்கிலோ கழுத்துக்குள்ளோ விழுந்தால் ஆள் துள்ளுவார். கையில் தோட்டா நிரம்பிய துப்பாக்கியோடு துள்ளுவார். வினாடிக்கு ஒரு குண்டுக்கு மேல் சுடக் கூடாது என்று பல இடங்களில் விதி. இளைஞர்களுக்கு அது பிடிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் குழாய் மேலே எழும்பும். பழகாத கை அடுத்த குண்டைக் கூரையில் இறக்கிவிடும். காது மூடி கட்டாயம், ஏனென்றால் துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். ஒரே ஒரு வெடிகூட கேட்கும் திறனைக் கெடுக்கலாம். உள்ளே சாப்பிடக் கூடாது, வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குண்டிலும் அதைப் பற்றவைக்கும் ப்ரைமரிலும் ஈயம் இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் சுவாசிக்கும் காற்றில், 8 மணி நேரச் சராசரியாக, ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம்.

சிறுவர்களுக்கு வயதுக் கட்டுப்பாடு வைத்தால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். 2014 ஆகஸ்டில் அரிசோனாவில் ஒரு சுடுதளத்தில் 9 வயதுச் சிறுமியிடம் தானியங்கித் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். அந்த வேகத்தை அவள் கை தாங்கவில்லை. பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தவர் இறந்தார். இது தெரிந்த தகப்பன் கவுண்டரில் குரல் உயர்த்துவானா?

இரண்டாம் கட்டு, கல்லாப் பெட்டி விதிகள். வாடகைத் துப்பாக்கியில் எங்கள் தோட்டாவைத்தான் போட வேண்டும் என்பார்கள். வெளியில் வாங்குவதைவிட விலை கூடுதல். இதில் உண்மையான காரணமும் உண்டு: வீட்டில் திரும்ப நிரப்பிய தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கி வெடித்தால் யார் பொறுப்பு? ஆனால் லாபமும் உண்டு, அதைச் சொல்வதில்லை. சொந்தத் தோட்டா கொண்டுவந்தால் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். அது பின்சுவரின் எஃகுத் தகட்டைக் கெடுக்கும், தீப்பொறியும் பறக்கும். நியாயம்தான். கீழே விழும் கூடுகளைப் பொறுக்கக் கூடாது என்ற விதிக்கும் ‘பாதுகாப்பு’ என்றே காரணம் சொல்கிறார்கள். கோட்டைத் தாண்டிப் போய்ப் பொறுக்குவது ஆபத்துதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் காசு கொடுத்து வாங்கிய தோட்டாவின் கூடு என் காலடியில் கிடக்கும்போதும் அது அவர்களுடையதாம். பித்தளைக்கு நல்ல விலை. கிலோ கணக்கில் விற்கிறார்கள். “இது எங்கள் வருமானம், அதனால்தான் தடத்தின் வாடகை இந்த அளவில் நிற்கிறது” என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பணத்துக்கான விதிக்குப் பாதுகாப்பு என்ற சட்டையை மாட்டிவிட்டால், உண்மையான பாதுகாப்பு விதியையும் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள். இதுதான் எனக்குப் பெரிய ஆட்சேபம்.

மூன்றாம் கட்டு, அரசாங்கம் போட்ட விதிகள். இதில் என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது.

மூன்றாவது முறை போனபோது என் பெரியப்பா மகனும் வந்திருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பெரியப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தா. புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்க அன்றிலிருந்து 6 மாதம் தவணை தந்தார்கள். பெரியப்பா வீடு பிரெஞ்சு ஆனது. என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. நாங்கள் இந்தியர் ஆனோம். இந்தக் கதை நம்மில் பலர் வீட்டில் உண்டு.

அன்று மாப்பிள்ளை எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டார். கையெழுத்தும் போட்டாயிற்று. பிறகு கவுண்டர் பையன் பாஸ்போர்ட் கேட்டான். பார்த்துவிட்டு அண்ணனைப் பார்த்து “நீங்கள் சுடலாம்” என்றான். என்னைப் பார்த்து “உங்களுக்கு முடியாது. வேட்டை உரிமம் இருக்கிறதா?” என்றான். எனக்குக் கோழி அறுப்பதையே பார்க்க முடியாது. ஏன் என்று கேட்டதற்கு “பாலிசி” என்று ஒரே வார்த்தை. கட்டிய பணமும் திரும்பவில்லை.

“நம்ம அப்பாக்கள் போட்ட கையெழுத்து இன்னும் வேலை செய்யுது பாத்தியா தம்பி” என்று அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் வீட்டுக்கு வந்ததும் தேடிப் படித்தேன். அது அந்தக் கடையின் பாலிசியே இல்லை. அந்நாட்டுச் சட்டத்தில் 1998ல் சேர்த்த பிரிவு. சுற்றுலா போன்ற தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கக் கூடாது. சில விலக்குகள் உண்டு, அவற்றில் ஒன்று அந்நாட்டில் வாங்கிய வேட்டை உரிமம். பிரெஞ்சுக்காரர் போன்ற சில நாட்டவர் விசாவே இல்லாமல் வரலாம். ‘விசாவில் வந்தவர்’ என்றுதானே சட்டம் சொல்கிறது, விசா இல்லாமல் வந்தவருக்கு அது பொருந்தாது என்று 2012ல் விதியைத் திருத்தினார்கள். அதாவது காகிதம் வாங்கிக்கொண்டு, நேர்காணலுக்குப் போய், கைரேகை வைத்து வந்த எனக்குத் தடை. விசாவோ நேர்காணலோ இல்லாமல் வந்த அண்ணனுக்கு அனுமதி.

விந்தையான சட்டம்தான். ஆனாலும் என் வருத்தம் சட்டத்தின் மேல் இல்லை. சட்டம் தெரியாது என்று யாரும் சொல்லித் தப்ப முடியாது என்பது பிரெஞ்சுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. அதில்தான் நான் வளர்ந்தேன். சட்டத்தை அமல் செய்கிறவனுக்கே காரணம் தெரியாமல் இருப்பதும், பணம் வாங்கிய பிறகு பாஸ்போர்ட்டைக் கேட்பதும்தான் குறை. இரண்டையும் ஒரு அட்டையில் நான்கு வரி எழுதி வைத்தால் சரிசெய்துவிடலாம்.

இனி, எல்லாவற்றையும்விட அதிகக் கோபத்தைக் கிளப்பும் விதிக்கு வருகிறேன். பல சுடுதளங்களில் தனியாக வருபவருக்குத் துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்காது. கூட ஒருவர் வர வேண்டும், அல்லது சொந்தத் துப்பாக்கியோடு வர வேண்டும். இரண்டாவது முறை போனபோது எங்களுக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். இல்லை என்று சொன்னதும் முகம் சிவந்துவிட்டது. “நான் முப்பது வருடமாகச் சுடுகிறேன், என்னைப் பார்த்தால் குற்றவாளி மாதிரியா இருக்கிறது? சொந்தத் துப்பாக்கியோடு தனியாக வந்தால் விடுவாயாம், வாடகைக்கு மட்டும் கூடாதா, இது என்ன கணக்கு?” என்று கேட்டார். கேள்வியில் தர்க்கம் இருந்தது. பதில் அதே “பாலிசி”. அவர் கதவை அறைந்துவிட்டுப் போனார்.

திரும்பும்போது காரில் மாப்பிள்ளை கணக்கைச் சொன்னார். துப்பாக்கி இல்லாத ஒருவர், வாழ்க்கை வெறுத்துப்போன ஒரு நாளில், ஒரு மணி நேர வாடகைக்கு அதைத் தேடி வருவது உண்டு. அப்படிப்பட்ட மரணங்கள் சுடுதளங்களில் நடந்திருக்கின்றன. சொந்தத் துப்பாக்கி உள்ளவர் அதற்காக அங்கே வர வேண்டியதில்லை. கூட ஒரு நண்பர் வந்தால் அந்த எண்ணம் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடும். 2009ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூன்று பேர், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஒரு வாரத்துக்குள் வாங்கிய சில மணி நேரத்திலேயே தங்களை மாய்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு அங்கே கடைக்காரர்களும் பொதுசுகாதாரத் துறையினரும் ஒன்றாக உட்கார்ந்து, எப்படிப்பட்ட வாடிக்கையாளரிடம் நின்று பேச வேண்டும் என்று கடைகளுக்கு வழிகாட்டக் குறிப்புகள் தயாரித்தார்கள்.

ஒரு கதவை அடைத்தால் வேறு கதவு வழியாகப் போவான் என்று நம்மில் பலர் சொல்வோம். அது சரியில்லை. இலங்கையில் 1990களிலிருந்து கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த ஒரு மணி நேரத்தைக் கடத்திவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கை நம் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் வெளியாகும் தேசியப் பட்டியலில் நம் ஊர் பலமுறை எந்த இடத்தில் இருந்தது என்று தெரியும். எந்தத் தெருவில் எந்த வீடு என்றும் தெரியும்.

ஆகவே அந்த விதி இருக்க வேண்டும். அன்று கோபித்துக்கொண்டு போனவருக்கு ஒரு மாலை வீணானது உண்மை. அந்த வரிசையில் அவருக்குப் பின்னால் என்றாவது வரப்போகிற ஒருவருக்காக அவர் கொடுத்த விலை அது. ஆனால் தான் எதற்காக விலை கொடுத்தோம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் வைத்திருப்பது அவமானப்படுத்துவது. அதைவிட மோசம், மனம் உடைந்து வந்தவனுக்கும் அதே “பாலிசி”தான் பதில். ‘உங்கள் மேல் சந்தேகம் இல்லை. தனியாக வந்த சிலரை நாங்கள் இழந்திருக்கிறோம். இன்று மனது சரியில்லை என்றால் எங்களிடம் பேசுங்கள்’ என்று ஒரு பலகை மாட்டினால் கோபித்தவர் அமைதியாவார், உடைந்தவர் ஒரு நிமிடம் நிற்பார். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே விதியே.

காரணம் சொன்னால் கோபம் பாதியாகும் என்பது நான் ஓய்வூதியப் பிரிவில் பார்த்தது. ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்ச்சான்று கேட்போம். பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் சொல்தாக்களுக்கும் அந்தச் சான்று உண்டு. “உயிரோடதானேய்யா வந்து நிக்கறேன், அதுக்கு ஒரு காகிதமா?” என்று பெரியவர்கள் சீறுவார்கள். “ஐயா, உங்களுக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் தடையில்லாமல் போகணும்னா, எங்க கணக்கு வருஷா வருஷம் சுத்தமா இருக்கணும்” என்று சொல்வேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே நிற்பவருக்கு அவரே விளக்குவார். நான் ஒரு தரம் சொன்னது வரிசையில் பத்துப் பேருக்குப் போய்விடும்.

டெக்சாஸ் ஆனாலும் நம் தாலுகா அலுவலகம் ஆனாலும் கவுண்டரில் இருப்பவருக்கு நான் சொல்வது மூன்றே. பணம் வாங்கும் முன் விதியைச் சொல்லுங்கள். விதிக்குக் கீழே காரணத்தை எழுதுங்கள். லாபத்துக்காகப் போட்ட விதியை லாபத்துக்காக என்றே சொல்லுங்கள். வெளியே நிற்பவர்களுக்கு ஒன்று உண்டு: கத்தும் முன் ஒரு முறை “ஏன்?” என்று பணிவாகக் கேளுங்கள். உள்ளே இருப்பவனுக்குப் பதில் தெரியாவிட்டால், அடுத்த முறையாவது அவன் தெரிந்துகொண்டு வருவான்.