சனிக்கிழமை யாரைக் கோயிலுக்குள் விடக்கூடாதுன்னு சொல்றீங்க?

கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

வர்ற சனிக்கிழமை (22.8.2020) விநாயகர் சதுர்த்தி. மூணு நாளா நம்ம வாட்சப் குழுவில் ஓடுறது பூஜை நேரம் பத்தின பேச்சு இல்ல. சிங்கப்பூர்ல இருந்து திரும்பி வந்த ஒருத்தரையும் அவர் வீட்டாரையும் "இந்த வருஷம் வரவேணாம்னு சொல்லிடுங்க"ன்னு தொண்டர்கள் எங்களுக்கு உத்தரவு வருது.

எதுக்கு? மார்ச் 18-ல் எல்லை மூடினப்போ அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டவர். பொந்தியான்ல இருந்து இரண்டாவது பாலம் வழியா தினமும் மோட்டார்ல போய் வந்த நம்ம ஆட்கள் எத்தனை பேர், உங்களுக்கே தெரியும். நாலு மாசம் பிள்ளைங்க முகத்தைப் போன்லதான் பார்த்தார். ஜூலை கடைசியில் வந்தார், 14 நாள் அரசாங்க மையத்தில் இருந்தார், சோதனையில் தொற்று இல்லைன்னு கடிதம் வாங்கிட்டுதான் வீட்டுக்கே போனார். சொல்லப்போனா, நம்ம கோயிலுக்கு வர்றவங்கள்ல சோதனை செஞ்சுகிட்ட ஒரே ஆள் அவரா இருக்கலாம்.

இதே குழுவில் போன வாரம் என்ன கோபம்! கெடாவில் பரவின திரளுக்கு 'சிவகங்கா'ன்னு பேர் வச்சதும், முகநூலில் இந்தியர்களையே மொத்தமா ஏசினாங்க. தனிமைப்படுத்தலை மீறினது ஒருத்தர். ஆகஸ்ட் 13-ல் அவருக்கு 5 மாசம் சிறையும் 12,000 வெள்ளி அபராதமும் கிடைச்சது. அது நியாயம். ஆனா ஏச்சு வாங்கினது ஒரு ஊரும் ஓர் இனமும். நோய்க்கு ஊர், நாட்டுப் பேர் வைக்காதீங்கன்னு உலகச் சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லியிருக்கு. டாக்டர் நோர் ஹிஷாம் அறிவிச்ச டி614ஜி உருமாற்றம் சிவகங்கா திரளில் மூணு பேருக்கு இருந்துச்சு. நம்ம ஜொகூர் உலு திராம் திரளிலும் ஒருத்தருக்கு இருந்துச்சு. உலு திராம்காரங்களை யாராவது ஏசினாங்களா?

அதுக்கு முன்னாடி, மார்ச்சில் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசல் கூட்டத்தில் பரவினப்போ, நம்மில் சிலர் முஸ்லிம்களைப் பத்திப் பரப்பின செய்திகளை இங்கே எழுத எங்களுக்கு வெக்கமா இருக்கு. அதே ஆட்கள்தான் சிவகங்காவுக்கு அழுதாங்க. இப்போ அதே ஆட்கள்தான் நம்ம வீட்டு மனுஷனை வாசல்ல நிறுத்தச் சொல்றாங்க.

இதில் இருக்கிற ஆபத்து புரியுதா? வாசல் மேசையில் நாங்க கேக்கிறது பேர், போன் நம்பர், காய்ச்சல் இருக்கா. உண்மையைச் சொன்னா ஊரே ஒதுக்கும்னு தெரிஞ்சா யார் சொல்வாங்க? ரெண்டு பனடோல் போட்டுட்டு வந்தா எங்க கையில் இருக்கிற கருவி 37.5 காட்டாது. ஒளிச்சு வச்ச காய்ச்சல்தான் சந்நிதியில் நிக்கிற வயசான அம்மாக்களுக்குப் போகும். சோதனை செஞ்சு கடிதத்தோட வர்றவரால யாருக்கு என்ன வரப்போகுது?

ரொம்பப் பயப்படுறவங்களுக்கு இன்னொண்ணு. ஆகஸ்ட் 1-ல இருந்து முகக்கவரி போடாட்டி 1,000 வெள்ளி. குழுவில் சத்தமா எழுதின ரெண்டு பேர் போன வெள்ளிக்கிழமை தீபாராதனையப்போ அதைத் தாடைக்குக் கீழே இறக்கிட்டு நின்னாங்க. பேர் சொல்ல மாட்டோம், அவங்களுக்கே தெரியும்.

அந்தக் குடும்பத்துக்கு நாங்களே நேத்து போன் பண்ணிட்டோம். வர்றாங்க. கொழுக்கட்டை பொட்டலமா கட்டித் தருவோம், உட்கார்ந்து சாப்பிட இடம் இல்ல. மைசெஜாத்ரா இல்லாதவங்க ஐசி கொண்டு வாங்க, புத்தகத்தில் எழுதிக்கலாம்.